தலைவர் எழுந்தால்தான் எழுவோம்

திங்கட்கிழமை, காலை ஆறரை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் பாசஞ்சரில் ஏறினேன். பாறசாலைக்குப் பத்து ரூபாய்தான் டிக்கெட். நான் பிசியோதெரபி கடைசி வருட மாணவி. இரண்டு வாரம் கிராமத்துப் பக்கம் தங்கி, அறுபது தாண்டியவர்களை உடற்பயிற்சி செய்ய வைக்க வேண்டும். இரண்டாம் வாரச் சனிக்கிழமை எங்கள் பேராசிரியை நேரில் வருவார். பத்துப் பேராவது செய்து காட்டாவிட்டால், விடுமுறையில் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. எனக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது.

பாறசாலையில் இறங்கி, நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உதியன்குளங்கரைக்கு எண்பது ரூபாய்க்கு ஆட்டோ பேசினேன். வந்த காரியத்தைச் சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“எக்சர்சைசா? இஞ்ச கமிட்டி போடாம ஒரு காரியமும் நடக்காது, கேட்டியளா. கல்யாணத்துக்கும் கமிட்டி உண்டு, கொளம் வெட்டவும் கமிட்டி உண்டு.”

அவர் சொன்னது சரிதான். வாயனசாலையில், அதாவது ஊர் நூலகத்தின் கூடத்தில், மைக், குத்துவிளக்கு, பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் தயார். பதினான்கு பேர் வந்திருந்தார்கள். எனக்கு முன்பே கமிட்டி முளைத்திருந்தது. தலைவர் தாணு சார்: எழுபத்திரண்டு வயது, அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் ரோஸ்லி அம்மா: முந்திரி ஆலையில் முப்பது வருடம் உழைத்தவர், அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை முடிந்தபோது மணி பதினொன்றரை. பிறகு சாயாவும், பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும். பழம்பொரி எடுக்கத் தவிர ஒருவரும் கையைத் தூக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, முந்தைய நாள் கூட்டத்தின் அறிக்கையை வாசித்துக் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். புதன்கிழமை எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மைக்கைப் பிடுங்கி, “எல்லாரும் எந்திரிங்க!” என்றேன். பதின்மூன்று பேரும் தாணு சாரைப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை.

ரோஸ்லி அம்மா என் கையைப் பிடித்தார். “அத்யட்சன் இருக்கும்போ நாங்க எப்பிடி மக்கா எழும்புவோம்? மரியாதை இல்லாத்த காரியமாக்கும் அது.” அந்த ஊர்ப் பேச்சில் அத்யட்சன் என்றால் தலைவர்; இருப்பது என்றால் உட்கார்வது.

“அப்ப நீங்க எந்திரிங்க, சார்!”

“அத்யட்சன் இருந்துதான் கூட்டம் நடத்தணும். அதாக்கும் முறை,” என்றார் தாணு சார், மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கியபடி.

திமிர் பிடித்த மனிதர் என்று திட்டிக்கொண்டே வெளியேறினேன். அதியன்னூரில் இருந்த என் தங்குமிடத்துக்குப் பஸ் ஏறப் போனபோதுதான் குடை நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தால், கூடத்தில் தாணு சார் மட்டும். மேசையை இரண்டு கையாலும் பிடித்து எழப் பார்த்தார்; பொத்தென்று நாற்காலியிலேயே விழுந்தார். மறுபடியும் அதே கதை. மூன்றாம் தடவை எப்படியோ எழுந்து நின்றவர், வாசலில் என்னைக் கண்டுவிட்டார்.

“பாத்தாச்சு, இல்லியா?” என்றார், முழங்காலைத் தடவியபடி. “எனக்க முட்டு போச்சு, மக்கா. எல்லாரும் போன பொறவு பைய எழும்பலாம்னுதான் இந்த அத்யட்சன் பதவியே ஏத்தேன். ஆருகிட்டயும் சொல்லண்டாம்.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மூட்டுகளைப் பார்க்கப் படிக்கிறவள், முகத்தை மட்டும் பார்த்துக் கோபப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் முதல், கூட்டம் கலைந்ததும் எங்கள் இருவருக்கும் அரைமணி நேரம். நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னால் சாய்த்து, கை ஊன்றாமல் எழும் பயிற்சி. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு தலையணையை எடுத்தோம். வெள்ளிக்கிழமை வெறும் நாற்காலி. பத்துத் தடவையில் நான்கு முறைதான் எழுந்தார்.

“நாளைக்கு எல்லாருக்க முன்னாலயும் விழுந்தா நாணக்கேடு,” என்றார்.

“விழுந்தா நாற்காலியிலதானே சார் விழுவீங்க?” என்றேன். சிரித்தார்.

சனிக்கிழமை, பத்து மணி. பேராசிரியை முன்வரிசையில் உட்கார்ந்தார். வரவேற்புரை முடிந்தது. தாணு சார் பாதத்தைப் பின்னுக்கு இழுத்தார், முன்னால் சாய்ந்தார், பாதி எழுந்தார். பொத்! பேராசிரியை முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“பைய சார், பைய!” என்று ரோஸ்லி அம்மா குரல் கொடுத்தார்.

இரண்டாம் முறை, மேசையைத் தொடாமல், நிமிர்ந்து நின்றார். நாற்காலிகள் தரையில் கிறீச்சிட, பதின்மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள்.

“தீர்மானம் ஒண்ணு,” என்றார் தாணு சார், மூச்சு வாங்க. “எல்லாரும் பத்து தடவை இருந்து எழும்பணும்.”

“பாஸாக்கியாச்சு!” என்று கத்தினார் ரோஸ்லி அம்மா. பேராசிரியையும் சேர்ந்து செய்தார். ஏழாவது தடவையிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே என் ஏட்டில் கையெழுத்துப் போட்டார்.

மாலை ரயிலில் திரும்பும்போது எங்கள் வீட்டு நினைவு வந்தது. கோவில்பட்டியில் என் அப்பா டீவி முன்னால் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். தண்ணீர் வேண்டுமென்றாலும் அம்மாவைக் கூப்பிடுவார். சோம்பேறி என்று நான் அவரைத் திட்டாத நாளில்லை. வண்டி குழித்துறையில் நின்றபோது அவருக்குப் போன் போட்டேன்.

“அப்பா, உட்காந்து எந்திரிக்கும்போது முட்டி வலிக்குதா?”

டீவிச் சத்தம் குறைந்தது. பிறகு மெதுவாக, “யாரும்மா உன்கிட்ட சொன்னது?” என்றார்.