மாரிராஜ் கலந்த நிறம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணியில், கார் நெல்லின் கதிர்கள் தலைசாயத் தொடங்கியிருந்த நாள்களில், மாரிராஜை முதன்முதலாகப் பார்த்தேன். பாளையங்கோட்டைப் பள்ளியில் முப்பத்தோராண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்று, சேரன்மகாதேவிக்குக் கிழக்கே உள்ள என் கணவரின் பூர்விக வீட்டுக்கு அந்த ஆண்டுதான் குடிவந்திருந்தேன். வீட்டின் பின்தோட்டம் வாய்க்காலில் முடியும். எதிர்க்கரையில் வடக்குத்தெரு. அங்கே ஒரு முற்றத்தில், வேப்பமரத்தின் கீழ், சின்னஞ்சிறு டிராக்டர் ஒன்று நின்றிருந்தது. அதன் முன்மூடியைக் கழற்றி மடியில் கிடத்திக்கொண்டு, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை நிறுத்தினார்.

“டீச்சர், சத்தம் தொந்தரவா இருக்கா? இருந்தா பைய தேய்க்கேன்.”

“தொந்தரவெல்லாம் இல்லை. என்ன வேலை நடக்கறது?”

“இத யாரு வண்டியும் இல்லாத வண்டியா ஆக்குதேன்” என்றார்.

அந்த விடையின் பொருள் எனக்கு விளங்க ஒரு வாரம் ஆயிற்று. மாரிராஜ் பதினெட்டு ஆண்டுகள் ஓர் அரிசி ஆலையின் டிராக்டரை ஓட்டியவர். ஆலையை மூடிவிட்டார்கள். சாத்தான்குளத்துக்கு அப்பால் ஒரு செங்கற்சூளையில் வெயிலில் கிடந்த இந்தப் பழைய வண்டியை அவர் வாங்கி, எழுபது கிலோமீட்டர் ஓட்டி வந்தார். சூளைக்காரர் அதற்குப் பச்சை நிறம் பூசி, அழகுக்காக மஞ்சள் பட்டை போட்டிருந்தார். எங்கள் ஊரிலோ பச்சையும் மஞ்சளும் கீழத்தெருவின் நிறங்கள். முந்தைய ஆண்டு மேலத்தெருவோடு நடந்த கலவரத்துக்குப் பின் அத்தெருவார் தங்கள் கொடிக்கம்பத்துக்கும் குழாயடிச் சுவருக்கும் அவற்றையே பூசியிருந்தார்கள். பிள்ளைகளின் மணிக்கட்டுக் கயிறும் அப்படியே. மேலத்தெருவுக்குப் பிரியும் விலக்கில் மாரிராஜ் திரும்பியபோது எங்கிருந்தோ ஒரு கல் வந்து வலப்பக்க விளக்கை உடைத்தது. எறிந்தவர் யாரென்று அவர் இறுதிவரை விசாரிக்கவில்லை.

அவருக்குச் சொந்த நிலம் ஒரு சென்டும் கிடையாது. ஊர் வயல்கள் அனைத்தும் மேலத்தெருவாருக்கும் கீழத்தெருவாருக்கும் உரியவை. அவையும் பிரிந்து கிடக்கவில்லை. ஒருவர் வயலைத் தாண்டினால் மற்றவர் வயல். பெரிய டிராக்டர் இறங்கினால் இடைப்பட்ட வரப்புகள் உடைந்துவிடும். இந்தச் சிறிய வண்டி வரப்பை உடைக்காமல் ஏறி இறங்கும். அதை நம்பித்தான் அவர் வாங்கினார். இரு தெருவாரும் இடம் கொடுத்தால் அவருக்குப் பிழைப்புண்டு. ஒரு தெரு மறித்தால் மற்றத் தெருவின் வயலுக்குப் போகவும் வழியில்லை. புரட்டாசிக் கடைசியில் பிசானம் என்னும் மழைக்காலச் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்கள். அதற்குள் வண்டி எந்தத் தெருவுக்கும் உரியதாகத் தோன்றாமல் நிற்கவேண்டும்.

நான் நாள்தோறும் வாய்க்காற்படியில் அமர்ந்து அந்த வேலையைப் பார்த்தேன். முதலில் மண்ணெண்ணெயால் பழைய பிசுக்கைக் கழுவினார். பிறகு தேய்ப்பு. பச்சைக்குக் கீழே ஒரு சிவப்பு, அதற்குக் கீழே இன்னொரு சிவப்பு, அதற்கும் கீழே வெறுந்தகடு. நசுங்கிய இடங்களைப் பின்புறமிருந்து மரச்சுத்தியலால் தட்டி எடுத்து, பள்ளங்களில் பட்டி பூசி, உலரவிட்டு, மீண்டும் தேய்த்தார். சமமாகிவிட்டதா என்பதை அவர் கண்ணால் பார்ப்பதில்லை. கண்களை மூடிக்கொண்டு தகட்டின்மேல் உள்ளங்கையை ஓட்டுவார். என் கண்ணுக்குக் கண்ணாடி போலத் தெரிந்த இடத்தில் அவர் கை நின்றுவிடும். அங்கே மறுபடியும் தேய்ப்பார். முப்பத்தோராண்டுகள் விடைத்தாள் திருத்திய நான், பிழையைத் தேடி ஒரு கை அவ்வளவு பொறுமையாகச் சென்றதை அதற்குமுன் கண்டதில்லை.

எந்த நிறம் பூசுவது என்பதில்தான் சிக்கல். ஒரு மாலையில் நிற அட்டையை வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் எதிர்ப்படியில் உட்கார்ந்தார்கள். மனைவி தங்கத்தாய் மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

“செவப்பு?” என்றார் மாரிராஜ்.

“கட்சிக்காரன் வண்டின்னுவான்.”

“காவி?”

“அதுவும் கட்சிதான்.”

“கறுப்பு?”

“எழவு வண்டியா ஓட்டப் போறீங்க?”

“அப்ப வெள்ள.”

“சேத்துல எறங்குத வண்டிக்கு வெள்ளையடிச்சா, தெனமும் யாரு தொவைக்கது? பேசாம அம்மணமாவே ஓட்டுங்க. ஒரு பய கேக்க மாட்டான்.”

நிறப்பெயர்களைப் பண்புப்பெயர்கள் என்றே நான் கற்பித்து வந்தேன். பண்பு எவருடைய உடைமையும் அன்று. எங்கள் ஊரில் அவற்றின்மேல் ‘உடைய’ என்னும் ஆறாம் வேற்றுமை ஏறி உட்கார்ந்திருந்தது. இறுதியில் நீலம் என்று முடிவாயிற்று. அன்றைக்கு நீலம் எவருக்கும் இல்லை.

பூசிய நாளை என்னால் மறக்க இயலாது. பகலில் மேற்கேயிருந்து காற்று புழுதியை அள்ளி வரும் என்பதால் விடியும்போதே தொடங்கினார். முற்றத்தில் வாய்க்கால் நீரைத் தெளித்துத் தூசியை அடக்கியிருந்தார். தகடுகளின்மேல் கொசுவலை கட்டியிருந்தார். பழைய வேட்டித் துணியில் வடிகட்டிய வண்ணத்தைத் தூரிகையின் நுனியால் தொட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு ஒரே திசையில் இழுத்தார். மூன்று பூச்சு; ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு நாள். மூன்றாவது பூச்சு உலர்ந்ததும் என்னை அழைத்தார். பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். முன்மூடியில் வேப்பமரம் முழுவதும் தலைகீழாகத் தெரிந்தது. இலைகளைக்கூட எண்ணலாம் போலிருந்தது. வெறும் தகட்டுக்குள் இவ்வளவு ஆழம் எப்படி வந்தது என்று நான் குனிந்து பார்த்தேன்.

“ஒண்ணு எழுதணும் டீச்சர்” என்று ஒரு துண்டுத்தாளை நீட்டினார். ‘உழவுக்கு கிடைக்கும்’ என்று எழுதியிருந்தார். சாமி பெயர் எழுதினால் தெரு தெரிந்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்திருந்தார்.

“நடுவுல ஒரு ‘க்’ வரணும், மாரிராஜ்.”

“எங்கன?”

“உழவுக்குக் கிடைக்கும். நான்காம் வேற்றுமை உருபுக்குப் பின்னால வல்லினம் மிகும்.”

“மிகட்டும் டீச்சர். பெயிண்டு கெடக்கு.”

சிறு டப்பாவில் இருந்த வெள்ளை வண்ணத்தில் அந்த எழுத்துகளை இரண்டு நாள் வரைந்தார். ‘க்’ என்ற எழுத்தின் புள்ளியை மூன்று முறை அழித்து எழுதினார். நான் அருகில் நின்று ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தேன். பிழை ஒன்றுகூட இல்லை என்று மனநிறைவோடு சொன்னேன்.

பிழை இருந்தது. அதே வாரத்தில் மேலத்தெருவாரும் தங்களுக்கென நிறம் தேர்ந்து, பேருந்து நிறுத்தத்தின் தூண்களுக்குப் பூசியிருந்தார்கள்: நீலமும் வெள்ளையும். முற்றத்தை விட்டு நகராத மாரிராஜும் அதைப் பார்க்கவில்லை. ஓர் ஒற்றெழுத்தின்மேல் கண்ணை வைத்திருந்த நானும் பார்க்கவில்லை.

புரட்டாசி மூன்றாம் வெள்ளியன்று வண்டியை வெளியே எடுத்தார். மேலத்தெருவில் ஒருவர் தேங்காய் உடைத்தார். இன்னொருவர் மாலை போட்டார். மாரிராஜ் தூண்களைப் பார்த்தது அப்போதுதான். கீழத்தெரு எல்லையில், இருபது ஏக்கருக்கு உரியவரான பிச்சைக்கண்ணு வரப்பின்மேல் நின்றிருந்தார்.

“அந்தப் பக்கம் சாஞ்சிட்டீரோவே?” என்றார். “சாஞ்சுக்கிடும். ஆனா ஒம்ம வண்டி எங்க வரப்ப மிதிக்கப்பிடாது.”

 மாரிராஜ் வண்டியைத் திருப்பினார். செய்தி கேட்டு நான் போனபோது, மாலையைக் கழற்றி மரக்கிளையில் மாட்டியிருந்தார். உப்புத்தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

“என்னாலதான் இப்படி ஆச்சு” என்றேன்.

தங்கத்தாய்க்குக் கோபம். “ரெண்டு பேரும் அந்த ‘க்’கையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. ஊரு என்ன பூசுதுன்னு பாக்கல.”

“ஏட்டி, சும்மா கெட” என்றார் மாரிராஜ். பிறகு என் பக்கம் திரும்பி, “எழுத்து சரியாத்தான இருந்துது டீச்சர். அது என்ன பண்ணும்?” என்று சொல்லிவிட்டு, வேப்பமரம் தெரிந்த அந்த முன்மூடியின்மேல் உப்புத்தாளை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். எனக்குத்தான் பதறியது.

தண்ணீர் திறக்கப் பன்னிரண்டு நாளே இருந்தது. பக்கத்து ஊரில் ஏதோ தகராறு என்று பேருந்துகளை நிறுத்திவிட்டார்கள். டவுனுக்குப் போய்ப் புது வண்ணம் வாங்க வழியில்லை. மிச்சமிருந்தது கால் டப்பா நீலமும் அடிப்பூச்சுக்கான காவிச் சிவப்பும்தான். தங்கத்தாய் சுளகை இறக்கி வைத்துவிட்டுப் போனாள். பீடிக்கடைக்குச் சுற்றிய பீடியைக் கொண்டுவரும் பெண்களில் இரு தெருவாரும் உண்டு. ஆண்கள் பேசாத காலத்திலும் அவர்கள் இலையும் தூளும் கைமாற்றாக வாங்கிக்கொள்வார்கள். மாலையில் அவள் ஐந்து டப்பாக்களோடு திரும்பினாள். கீழத்தெரு வீடுகளிலிருந்து பச்சையும் மஞ்சளும். மேலத்தெரு வீடுகளிலிருந்து நீலமும் வெள்ளையும். எல்லாம் கம்பத்துக்கும் தூணுக்கும் பூசிய மிச்சம்.

“எதுலயும் ஒரு பக்கத்துக்குக் கூட காணாது” என்றார் மாரிராஜ்.

“அப்ப ஒண்ணா ஊத்துங்க.”

ஊற்றினார். ஒரு வாளியில் எல்லாவற்றையும் ஊற்றி வேப்பங்குச்சியால் கலக்கினார். நெடுநேரம் நிறங்கள் பாம்புகளைப்போல ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு தனித்தனியே ஓடின. அவர் கையை மாற்றி மாற்றிக் கலக்கினார். ஒரு கணத்தில் எல்லாம் மறைந்து, வாளியில் ஒரே நிறம் நின்றது. அதைக் கபிலம் என்று சொல்ல முடியவில்லை. கருமை என்றும் சொல்ல முடியவில்லை. பிற்பாடு ஊரார் அதைப் புளியங்கொட்டை நிறம் என்றார்கள், கருப்பட்டி நிறம் என்றார்கள். தங்கத்தாய்க்கு அது கருவாட்டு நிறம். எனக்குத் தெரிந்த சொற்களில் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. சொல் கிடைக்காமல் நான் நின்ற தருணங்கள் வாழ்க்கையில் சிலவே. அவற்றுள் அதுவும் ஒன்று. அதையே வண்டி முழுவதும் பூசினார்; இம்முறை எழுத்து எதுவும் எழுதவில்லை.

தண்ணீர் திறந்த மறுநாள், மேலத்தெருப் பெரியவர் அம்பலவாணன் முற்றத்துக்கே வந்துவிட்டார். நான் மறுகரையில் இருந்தேன். அவர் குரல் வாய்க்காலைத் தாண்டிக் கேட்டது.

“எங்க கலரு ஒமக்கு என்னவே பண்ணிச்சு? ஏம்வே சொரண்டுனீரு?”

மாரிராஜ் எழுந்து நின்றார், குரலை உயர்த்தவில்லை.

“அண்ணாச்சி, ஒங்க பெரிய வயலுக்கு எப்படிப் போவணும்?”

“ஏன், பிச்சைக்கண்ணுவோட அண்ணன் வரப்பு மேலதான்.”

“ஒங்க கலரப் பூசுனா, அந்த வரப்புல விடமாட்டாங்க. அப்ப ஒங்க வயலுக்கே வண்டி வராது. அவங்க கலரப் பூசுனா, அவங்க வயலுக்குப் போவ நீங்க விடமாட்டீய. நான் யாரு வயலத்தான் உழ?”

அம்பலவாணன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்னர், “இது என்ன கலருவே, கழுதப் புழுக்க மாதிரி” என்றார்.

“உழுதா சேறுதான அண்ணாச்சி. எப்படியும் இந்தக் கலருக்குத்தான் வரும்.”

“சரி. காலையில வெள்ளன வாரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வண்டி பிச்சைக்கண்ணுவின் அண்ணன் வரப்பில் ஏறியது. அந்த அண்ணன் வரப்பில் நின்று சக்கரத்தையே பார்த்தார். வரப்பு உடையவில்லை. அடுத்த நாள் அவரும் அழைத்தார். அந்தப் பிசானத்தில் மாரிராஜ் இரு தெருக்களிலும் நாற்பத்தொரு வயல்களை உழுதார். பேருந்து நின்ற நாள்களிலும், தேநீர்க்கடைகள் இரண்டாகப் பிரிந்த பின்னும், காலையில் ஒரு தெருவிலும் மாலையில் மறுதெருவிலும் தங்குதடையின்றி நுழைந்தது அந்த வண்டி ஒன்றே. ஒவ்வொரு கோடையிலும் கீறல் விழுந்த இடங்களுக்கு அவர் மறுபூச்சுப் பூசுவார், முன்போலவே கலந்துதான். நிறம் ஒவ்வோர் ஆண்டும் சற்று மாறும். அதை எவரும் கேட்டதில்லை.

பிச்சைக்கண்ணு மட்டும் மூன்றாண்டுகள் அழைக்கவில்லை. சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவது அவருக்குக் கடினமாக இருந்தது. எதிரே கண்டால் மாரிராஜ் வண்டியை ஓரங்கட்டி வழிவிடுவார், அவ்வளவே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஐப்பசியில், எந்த முன்னறிவிப்புமின்றி பிச்சைக்கண்ணு வடக்குத்தெருவுக்கு வந்தார். “ஆத்துப்பக்கத்து வயல நாளைக்கு உழுதிரும்வே” என்று மட்டும் சொன்னார். தங்கத்தாய் அதை வாய்க்காலுக்கு அப்பாலிருந்து எனக்குக் கூவிச் சொன்னாள்.

அந்த வயலின் பாதியை உழுது முடித்தபோது மாரிராஜுக்கு நெஞ்சில் வலி வந்தது. வண்டியை நிறுத்திவிட்டுத்தான் சரிந்தார். வரப்பில் நின்ற பிச்சைக்கண்ணுவே அவரைத் தூக்கிக் காரில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தார். பிற்பகலில் நான் போனபோது, பிச்சைக்கண்ணு வெளித்தாழ்வாரத்தில் சேறு காய்ந்த கால்களோடு நின்றிருந்தார். உள்ளே போகத் தயங்கினார்.

மாரிராஜின் முகம் வெளிறியிருந்தது. தங்கத்தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர் எழ முயன்றார். வேண்டாம் என்று கையமர்த்தினேன். மூச்சைச் சேர்த்துச் சேர்த்துப் பேசினார்.

“டீச்சர், மேல்பாதி உழாம கெடக்கு. தண்ணி முறை நாளையோட முடியுது. பிச்சைக்கண்ணு அண்ணாச்சிய வேற ஆள வச்சு உழச் சொல்லுங்க. சாவி வண்டியிலதான் இருக்கு.”

“சொல்றேன்.”

“அந்தப் பக்கம் அம்பலவாணன் அண்ணாச்சி வரப்பு. போன வாரம்தான் புதுசா வெட்டிப் போட்டிருக்காவ, இன்னும் எளசு. மேற்க இருந்து எறங்க வேண்டாம். கெழக்க சுத்தி வரச் சொல்லுங்க.” சற்று நிறுத்தி, கண்களை மூடிக்கொண்டார். “அந்த வரப்பு மட்டும் ஒடையாமப் பாத்துக்கிடச் சொல்லுங்க டீச்சர்.”