எனக்குத் தெரியாத ஜெர்மன்

எனக்கு ஜெர்மன் தெரியாது. இதை எழுதும்போது இந்த வயதிலும் காது மடல் சூடாகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் நான் வாங்கிய பட்டம், திருச்சிக் கல்லூரியில் கிடைத்த தத்துவ ஆசிரியர் வேலை, ஊரில் எனக்கிருந்த மரியாதை எல்லாமே எனக்கு ஜெர்மன் தெரியும் என்பதன்மேல்தான் நின்றன. நான் ஆராய்ந்தது பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானியர்களின் அறநூல்களை. கடமை எங்கிருந்து வருகிறது, கொடுத்த வாக்கு யாரை எவ்வளவு தூரம் கட்டும், எதைப் பொய் என்று சொல்லலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றி எழுதி வேலைக்குப் போனவன் அந்த வேலையைப் பொய் சொல்லி வாங்கினான் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு ஜெர்மானியப் பாதிரியாரிடம் அந்த மொழி கற்கப் போனேன். அவர் முறை விசித்திரமானது. முதலில் எழுத்தைப் பார்த்து உரக்க வாசிக்கப் பழக வேண்டும். நாக்கு படிந்த பிறகுதான் பொருள் சொல்லித் தருவார். ஜெர்மானியர்களின் பழைய அச்செழுத்து ஒவ்வொன்றும் முள்வேலி மாதிரி இருக்கும். அதைக் கடந்து, தொண்டையைச் செருமுவதுபோன்ற ஒலிகளையெல்லாம் சரியாகச் சொல்ல வந்த சமயத்தில் இரண்டாம் உலகச் சண்டை மூண்டது. எதிரி நாட்டுக்காரர் என்று அவரைக் காவல் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். போகும் முன் தன் புத்தகப் பெட்டியை என்னிடம் ஒப்படைத்தார். பெட்டி வந்தது, ஒலி வந்தது, பொருள் வரவில்லை.

பிறகு சென்னையில் ஆராய்ச்சிக்குச் சேரப் போனபோது பேராசிரியர், மூல மொழி தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கணீரென்று வாசித்தேன். அவருக்கும் ஜெர்மன் தெரியாது. "பேஷ்" என்றார். ஆங்கில மொழிபெயர்ப்புகளையும் பிறர் எழுதிய அடிக்குறிப்புகளையும் வைத்து ஒப்பேற்றினேன். என் ஆராய்ச்சியைச் சோதிக்க அந்நிய நாட்டிலிருந்து வரவேண்டிய பரிசோதகர் சண்டையால் வரமுடியவில்லை. அந்தச் சண்டையில் ஊர் உலகம் அரிசிக்கும் துணிக்கும் அல்லாடிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் அது காரியம் முடித்துக் கொடுத்தது.

எங்கள் ஊர் உடையார்பாளையத்தைத் தாண்டி ஆண்டிமடம் போகிற பக்கம். முந்திரியும் வரகும் விளைகிற மேட்டு நிலம். அப்பா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர். பேச்சு சுத்தமானவர் என்று ஊரில் பெயர். எல்லைத் தகராறு வந்தால் கல்லைத் தேடுவதற்குமுன் அவரைத் தேடுவார்கள். அவர் கைகாட்டிய இடத்தில் வரப்பு போடுவார்கள்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் காலையில் கூடத்தில் உட்கார்ந்து பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து உரக்க வாசிப்பேன். நாக்கு மறந்துவிடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உண்மையில் அப்பா கேட்க வேண்டும், தெருவில் போகிறவர்கள் நிற்க வேண்டும் என்பதுதான். நின்றார்கள். அப்பா ஏர் பூட்டப் போகாமல் தூணில் சாய்ந்து கேட்பார். "எம்மவனுக்கு ஜெர்மன்காரன் பாஷை தண்ணி பட்ட பாடு" என்று அரியலூர் சந்தையில்கூடச் சொல்லியிருக்கிறார்.

சண்டைக் காலத்தில் சந்தையில் சொல்கிற பேச்சா அது? யாரோ தாலுகா ஆபீஸுக்கு மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டான். இன்னார் மகன் ஜெர்மன்காரனோடு பேசுகிறான், வீட்டில் பெட்டி இருக்கிறது, பெட்டியில் என்ன இருக்கிறதோ என்று. விசாரித்து எழுதும்படி எங்கள் கிராம முன்சீப்புக்கு உத்தரவு வந்தது. முன்சீப் எங்களுக்குப் பங்காளி, அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுகிறவர். நான் அப்போது திருச்சியில் இருந்தேன். நடந்ததை அம்மா பிறகு சொன்னாள்.

"அண்ணே, பெட்டியில இருக்கறது பழைய வேதாந்தப் பொஸ்தகம்னு எழுதிடுறேன். ஆனா பையனுக்கு அந்தப் பாஷை தெரியும்னு எழுதினா நாளைக்கே போலீஸ் திருச்சிக்குப் போகும். வேலையும் போயிடும். தெரியாதுன்னு எழுதணும். நீங்க ஐயனார் கோயில்ல சூடம் அணைச்சுச் சொல்லிட்டா நான் தைரியமா எழுதுவேன்" என்றார் முன்சீப்.

பொய் எழுத அவருக்குப் பயம். யாராவது சத்தியம் செய்து கொடுத்துவிட்டால் பாவம் தன்னைச் சேராது என்று கணக்கு. எங்கள் பக்கத்தில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் கோர்ட்டு கிடையாது. பொய்யாக அணைத்தவன் குடும்பம் விளங்காது, அவன் கை கால் வீணாய்ப் போகும் என்பார்கள். அப்பா அன்று மாலைவரை முந்திரிக்காட்டிலேயே கிடந்தாராம். பிறகு குளித்துவிட்டு ஐயனார் கோயிலுக்குப் போய், "எம்மவனுக்கு ஜெர்மன் பாஷை தெரியாது" என்று சொல்லிச் சூடத்தை அணைத்துவிட்டு வந்தார். முன்சீப் அப்படியே எழுதினார். என் வேலை பிழைத்தது.

அடுத்த விடுமுறைக்கு நான் வந்தபோது அப்பா கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். முந்திரிக்காட்டில் கட்டை குத்தி வலது கால் பெருவிரல் அழுகிக்கொண்டிருந்தது. வீடு முழுக்க அந்த வாடை. பெரம்பலூர்ப் பக்கத்து வைத்தியர் ஒருவர் பச்சிலை கட்டிப் பார்த்துவிட்டு, இது என் கையில் இல்லை, அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், தாமதித்தால் கால் போகும், ஆளும் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பா அசையவில்லை.

"ஐயனாரு குடுத்தத டாக்டரு எடுத்துடுவாரா? நான் பண்ணுனது எனக்குத் தெரியும்" என்றார்.

சூடம் அணைத்த நாளிலிருந்து அவர் கோயில் பக்கமே போகவில்லை, வீட்டில் விளக்கேற்றினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று அம்மா அழுதாள். "ஒனக்காகத்தான் பண்ணுனாரு. நீதான் படிச்சவன், ஏதாச்சும் சொல்லி அழைச்சிட்டுப் போ" என்றாள்.

முதலில் என் படிப்பிலிருந்துதான் எடுத்து விட்டேன். வேறு எதை எடுப்பேன்? "அப்பா, நான் படிச்ச ஜெர்மன் பெரியவங்கள்ல சில பேரு என்ன சொல்றாங்கன்னா, உண்மையைத் தெரிஞ்சுக்க உரிமை இல்லாதவன்கிட்ட மறைச்சா அது பொய்யே இல்லையாம். வெள்ளைக்காரனுக்கு என்ன உரிமை இருக்கு?" என்றேன்.

அப்பா பொறுமையாகக் கேட்டார். "வெள்ளைக்காரனுக்கு இல்ல, சரி. நான் ஐயனாருகிட்டத்தானே சொன்னேன்?" என்றார்.

வெளியே போய் மாட்டுக்கொட்டகையில் நின்றேன். அந்த மனிதரைக் காப்பாற்ற ஒரே ஒரு வாக்கியம் போதும் என்பது எனக்குத் தெரியும். வந்த நாளே தெரியும். அதைச் சொல்லாமல் இரண்டு நாள் அவரிடம் தத்துவம் பேசிக்கொண்டிருந்தேன். கால் அழுகிக்கொண்டிருக்கிறது, நான் என் மானத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறேன். தூணில் சாய்ந்து என்னைக் கேட்ட அந்த முகம் என்ன ஆகும் என்றுதான் பயந்தேன். அதை அவர்மேல் வைத்த பாசம் என்று நானே நினைத்துக்கொண்டேன். பாசமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

மூன்றாம் நாள் காலை காய்ச்சல் ஏறி அவருக்குக் கண் செருகியது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அப்பா, நீங்க பொய்ச் சத்தியம் பண்ணல. எனக்கு ஜெர்மன் தெரியாது."

கண்ணைத் திறந்தார்.

"எழுத்தப் பாத்துச் சத்தம் போடத்தான் தெரியும். ஒரு வரிக்குக்கூட அர்த்தம் தெரியாது. பாதிரியாரு சொல்லிக் குடுக்கறதுக்குள்ள அவரப் புடிச்சுட்டுப் போயிட்டாங்க. பேராசிரியர்கிட்ட தெரியும்னு பொய் சொன்னேன். ஒங்ககிட்டயும் வேஷம்தான் போட்டேன். நீங்க ஐயனாருகிட்ட சொன்னது நெசம்."

அப்பா என்னையே பார்த்தார். கோபப்படுவார், காறித் துப்புவார் என்று நினைத்தேன். அப்படி நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சிரித்தார்.

"ஏப்பா, காலேஜுல சும்மாவா சம்பளம் குடுக்கறான்? நான் எத்தன நாளு கேட்டிருக்கேன். தடங்கல் இல்லாம ஓடுமே." என் தலையில் கையை வைத்தார். அனல் அடித்தது. "எனக்காவ நீ பொய் சொல்ல வேணாம். வூட்டுக்கு ஒரு பொய்யன் போதும்."

எவ்வளவோ சொன்னேன். கிளிப்பிள்ளை மாதிரிப்பா என்றேன். அம்மா தலையில் அடித்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் இளகிக்கொண்டே போனது. பொய்யே அறியாத பிள்ளை, பெற்ற தகப்பனுக்காக எவ்வளவு தூரம் இறங்குகிறான் என்று அவர் உருகுவது எனக்குத் தெரிந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. அவர்மேலா என்மேலா என்று கேட்டால் தெரியாது. சாமி மாடத்திலிருந்து சூடத்தை எடுத்துவந்து அவர் கண்முன் தரையில் வைத்துக் கொளுத்தினேன்.

"இப்ப அணைச்சுச் சொல்றேன். அப்பவாவது நம்புறீங்களா பாப்போம்" என்று கையை ஓங்கினேன்.

மூன்று நாளாக எழுந்து உட்கார முடியாத மனிதர் கட்டிலிலிருந்து விழுந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். புண்கால் தரையில் மோதி ரத்தம் வந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. "வேணாம் தம்பி, வேணாம். நான் கெட்டது போதும். எனக்கோசரம் நீ கெட்டுப் போயிடாத" என்றார். நான் கையை இழுக்க இழுக்க அவர் பிடி இறுகியது. "ஆஸ்பத்திரிக்கு வரேன். எங்க கூப்பிட்டாலும் வரேன். அந்தச் சூடத்த மட்டும் தொடாத."

அம்மா செம்புத் தண்ணீரை எடுத்துச் சூடத்தின்மேல் ஊற்றினாள். நான் கையை இறக்கினேன். வருகிறேன் என்று அவர் சொன்னதே போதும், இனி உண்மை எதற்கு என்று மனம் உடனே சமாதானம் சொன்னதையும் எழுதிவிட வேண்டும். உள்ளே எங்கோ ஒரு மூலையில் நிம்மதிகூட இருந்தது. அப்பா நம்பவில்லை, என் மானம் தப்பியது.

வண்டியில் உடையார்பாளையம்வரை போய் அங்கிருந்து, பெட்ரோல் தட்டுப்பாட்டால் அப்போது ஓடிய கரி கேஸ் பஸ்ஸில் அரியலூர் போனோம். அது பாதி வழியில் நின்றது, இறங்கித் தள்ளினோம். வழி முழுக்க அப்பா என் வலக்கையை விடவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் பிழைத்தது, அவரும் பிழைத்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம் என்னைக் காட்டி, "அப்பனுக்காவ எதையும் செய்யற பய" என்று மட்டும் சொன்னார்.

ஒருவன் பொய்யென்று நம்பிச் சொன்னது உண்மையாகவே இருந்துவிட்டால் அவன் பொய்யனா? என் ஜெர்மானியர்கள் இதை எங்கேயாவது அலசியிருப்பார்கள். அந்தப் பெட்டியிலேயே எந்தப் பக்கத்திலாவது இருக்கலாம். பொருள் தெரியாததால் எனக்கு அது கிடைக்கவில்லை. விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பினேன், அதே பாடத்தை நடத்தினேன். அதன்பிறகு ஜெர்மன் கற்றுக்கொள்ளவும் இல்லை, தெரியாது என்று சொல்லவும் இல்லை. கற்றுக்கொண்டால் அப்பா சொன்னது பொய்யாகிவிடும் என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். வெறும் சாக்குதான் அது.

சண்டை முடிந்த வருஷம் ஐயனாருக்குப் பொங்கல் வைத்தார்கள். அப்பா எங்களோடு வண்டியில் வந்தார். கோயில் எல்லைக்கு முன்னாலேயே மாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார். "நீங்க போயிட்டு வாங்க. நான் உள்ள வரக்கூடாது" என்றார். வீட்டுக்கு மூத்தவர் வாங்க வேண்டிய முதல் திருநீற்றைப் பூசாரி என் கையில் கொடுத்தார். கூட்டம் விலகி எனக்கு வழி விட்டது. பொய் சொல்லிப் பிழைத்த நான் சாமிக்கு எதிரே நின்று அதைப் பூசிக்கொண்டேன். ஐயனாரிடம் உண்மையையே சொன்ன மனிதர் வெயிலில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்.