பசறை பஸ்ஸில் நிமிர்ந்த பஞ்சு

நான் பதுளையில் ஆராய்ச்சி மாணவி. தேயிலைத் தண்டிலிருந்து எடுத்த செல்லுலோஸ் நாரோடு, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய கார்பன் நானோகுழாய்களைச் சேர்த்து, இறகைப்போல லேசான கறுப்புப் பஞ்சு செய்துகொண்டிருந்தேன். அமுக்கி விட்டால் அது பழையபடி நிமிர வேண்டும்; ஆனால் செய்த ஒவ்வொன்றும் நொறுங்கியது. கடைசியாகச் செய்ததை அமுக்கிப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை. அம்மாவுக்குக் காட்ட அதை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துப் பசறையிலுள்ள வீட்டுக்குக் கொண்டுபோய், பஸ்ஸில் பதுளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் நிற்கத்தான் இடமிருந்தது. "பெட்டியக் குடுங்க தங்கச்சி, நான் வச்சிக்கிறேன்" என்று, உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அக்கா ஒருவர் மடியில் வாங்கிக்கொண்டார். ஒரு வளைவில் பக்கத்தில் நின்றவர் தடுமாறி அதன்மேல் விழ, அட்டைப்பெட்டி நசுங்கியது.

"ஒழுங்கா பிடிக்கத் தெரியாதா?" என்று அந்த அக்காவிடம்தான் கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

முகம் வாடிப்போய் அவர் மூடியைத் திறந்தார். தோசைபோலத் தட்டையாகக் கிடந்த பஞ்சு, நாங்கள் பார்க்கப் பார்க்க மெல்ல எழும்பிப் பழைய உயரத்துக்கு வந்தது.

"இங்க பாருங்க, எந்திரிச்சிருச்சு!" அவர் என்னைவிடச் சந்தோஷப்பட்டார்.

"மன்னிச்சிருங்க அக்கா."

"அது கெடக்கட்டும். இன்னொருக்கா அமுக்கிப் பாப்பமா?"

பதுளை வரும்வரை மாறி மாறி அமுக்கினோம். அமுக்க அமுக்க அது நிமிர்வதைப் பிறகு ஆய்வுகூட இயந்திரமும் உறுதிசெய்தது. ஆனால், திட்டு வாங்கிய மறுநிமிடமே எனக்காகச் சிரித்த அந்த முகத்தைத்தான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.