மூடிவைத்த வேதபாடம்

பத்மாவதிக்கு வாசிக்கத் தெரியாதென்று முதல் நாளே கண்டுகொண்ட மியூரியல் அக்கா, வேதபாடப் புத்தகத்தை மூடிவைத்து, "இனி எல்லாருக்கும் வாய்ப்பாடந்தான்" என்றார். கோப்பாயில் அவரிடம் ஞானஸ்நானத்துக்குப் படித்த ஏழு பேரில் ஆறு பேர் ஊரைவிட்டுப் போனார்கள். அவர்கள் உட்கார்ந்து படித்த வெறும் வாங்குகளுக்கு நடுவே அக்காவும் பத்மாவதியுந்தான் மிஞ்சினார்கள். சமயம் மாறுகிறாளென்று பத்மாவதியோடு சொந்தக்காரர் கதைப்பதில்லை. அக்காவுக்குச் சொந்தமே இல்லை.

தொண்ணூற்றைந்தில், ஞானஸ்நானத்துக்குக் குறித்த ஞாயிற்றுக்கு முன்பே போர் நெருங்கி ஊர் இடம்பெயர்ந்தது. நடக்க ஏலாத அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சைக்கிளிலை ஏறுங்கோ அக்கா" என்று பத்மாவதி தன் சைக்கிளை வாசலில் நிறுத்தினாள்.

"என்னை ஏத்தினால் சைக்கிளும் இடம்பெயராது."

"ஞானஸ்நானம் எடுக்காமல் போறன். ஆர் என்னை ஏற்பினம்?" என்று பத்மாவதி அழுதாள்.

"போற இடத்துப் போதகருக்குப் பாடத்தை வாயாலை சொல்லிக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை நான் இஞ்சை உம்மடை வாங்கிலை இருந்து செபிப்பன்."