கங்காணிக்குத் தீட்டிய கத்தி

கங்காணி என் அக்காவைச் செருப்பால் அடித்ததை நான் மன்னிக்கவில்லை. அவன் செத்து மண்ணாகிவிட்டான் என்பதற்காகச் சலுகையும் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அக்காவுக்குக் காய்ச்சல். கை நடுங்கி, அவள் நிரையில் இரண்டு மரங்களில் கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டைக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் ஆள் எடுக்கும் காலைப் பெரட்டில், தோட்டமே பார்த்து நிற்க, அவன் செருப்பைக் கழற்றினான்.

நான் ஈப்போவில் ஏழாவது வரை படித்து, அப்பா போனபின் பால் வெட்ட வந்தவன். என்னிடம் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. பழைய கிரேக்க ஞானிகள் நற்குணத்தைப் பற்றி யோசித்ததெல்லாம் அதில். நற்குணம் கூடவே பிறப்பதில்லையாம், செய்து செய்து பழகுவதாம். கூடுதலுக்கும் குறைவுக்கும் நடுவில் நிற்பதாம். இதற்கு ஞானி எதற்கு? மேலாக வெட்டினால் பால் வராது, ஆழமாக வெட்டினால் மரம் கெடும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது வேறு இடம். கோபமும் நல்ல குணம்தானாம், உரிய ஆளிடம், உரிய நேரத்தில், உரிய அளவில் வந்தால். ஆள் தயார். நேரத்துக்குக் காத்திருந்தேன்.

நான்கு மாதத்தில் வந்தது. தோட்டத்தைப் பார்வையிடப் பெரிய துரை வருகிறார், அவர் முன் கங்காணி ஒரு மரம் வெட்டிக் காட்டவேண்டும். கத்தி தீட்டுவதில் நான் பெயர் எடுத்தவன். என்னிடம்தான் கொடுத்தான். கத்தி விளிம்பின் அடிமூலையை மட்டும் சவரக்கத்திபோல் கூராக்கிக் கொடுத்தேன். அழுத்திப் பிடிப்பவன் கையில் அது நேரே கட்டைக்குத்தான் போகும். அவன் எதையும் அழுத்திப் பிடிப்பவன்.

மறுநாள் துரை முன்னால் அவனுக்குப் பெருமை முற்றிவிட்டது. மரத்தைக் காயப்படுத்திய ஒருத்தியைத் தான் அடித்துத் திருத்தியதாகச் சொல்லி, வெட்டிக் காட்டு என்று கத்தியை அக்காவிடம் நீட்டினான். வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வேன். திறக்கவில்லை.

அக்கா கட்டைவிரலால் கத்தியின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கையை லேசாக்கி, பூப் பறிப்பதுபோல் வெட்டினாள். பால் வடிந்தது, காயமில்லை. கத்தியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப நீங்க ஒன்னு வெட்டிக் காட்டுங்கய்யா. தொரையும் பாக்கட்டும்."

வெட்டினான். வெள்ளைக் கட்டை பளிச்சென்று தெரிந்தது. எல்லார் முன்னாலும் துரை அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்று எனக்குச் சோறு இனித்தது. நினைத்தால் இன்றும் இனிக்கிறது.

மாலையில் அக்கா கேட்டது ஒன்றுதான்.

"கத்தி என் கைக்கு வந்தப்ப ஏன்டா வாயத் தொறக்கல?"

அதுவரை அவள் கத்தியையும் நான்தான் தீட்டிக் கொடுப்பேன். மறுநாள் விடியுமுன் சாணைக்கல் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். அவளே தீட்டிக்கொண்டிருந்தாள்.