மரத்துப்போன கால்களும் ஒரு பனிநடனத் தேர்வும்

முதலில் மரத்தது வலதுகாலின் சுண்டுவிரல். பனித்தளத்தின் தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஐஸ் டான்ஸ் ஆடுகிறவர்களுக்கு விரல் மரப்பது ஒரு செய்தியே இல்லை. பூட்ஸைச் சற்றுச் சின்னதாக வாங்கி, மெல்லிய காலுறைமேல் போட்டு, இரத்தம் நின்றுவிடும் அளவுக்குக் கயிற்றை இழுத்துக் கட்டுவோம். பாதம் அசையாமல் இருந்தால்தான் பூட்ஸின் அடியிலுள்ள பிளேடின் ஓரம் சொன்னபடி கேட்கும்.

"கயித்தைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டு," என்றான் என் ஜோடி நிக்கொலாய். தளர்த்தினேன்.

மறுநாள் மருத்துவமனை வார்டில் தட்டைச் செருப்போடு வேலை செய்தபோதும் இரண்டு கால்களின் விரல்களும் மரத்திருந்தன. அந்தப் பழியையும் பூட்ஸ் மேலேயே போட்டேன். தாதிப் பயிற்சியில் இருந்தவள் நான். வேறொருத்தி வந்து இதைச் சொல்லியிருந்தால் உடனே டாக்டரிடம் அனுப்பியிருப்பேன். இரண்டு கால்களும் ஒரேபோல், கீழிருந்து மேலாக மரத்துக்கொண்டு வந்தால் நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

நான் மலேசியாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். பெயர் மாரியம்மா. தாதிப் பயிற்சிக்காக வந்த மெல்பர்னில் பலர் அதை 'மேரி' என்று சுருக்கப் பார்த்தார்கள், நான் விடவில்லை.

ஒரு விடுமுறை நாளில் உடன் பயின்ற பெண்கள் என்னைச் சென்ட் கில்டா பக்கம் இருந்த பனித்தளத்துக்கு இழுத்துப் போனார்கள். அவர்கள் பலகையைப் பிடித்தபடி சுற்றினார்கள். நான் நடுவில் போய் விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான் நிக்கொலாய்.

அவன் லெனின்கிராட்டில் சிறுவயதிலிருந்தே போட்டிகளில் ஆடியவன். ஐஸ் டான்ஸைத் தனியாக ஆட முடியாது. தாவல் இல்லை, தலைக்குமேல் தூக்குவது இல்லை, ஜோடி கையெட்டும் தூரத்தைத் தாண்டிப் பிரியவும் கூடாது. அவன் குடும்பம் நாட்டைவிட்டுக் கிளம்பியபோது அவனுடைய ஜோடிப்பெண் வர மறுத்துவிட்டாள். அன்றோடு அவன் ஆட்டம் நின்றது. மெல்பர்னில் பகலெல்லாம் கார் தொழிற்சாலை, மாலையில் பனித்தளம்.

"உனக்கு விழப் பயமில்ல. மத்ததைப் பழகிக்கலாம்," என்றான்.

பழகினோம். மாநிலப் போட்டியில் கடைசிக்கு முந்தைய இடம் கிடைத்தது. அடுத்த குளிர்காலத்தில் பதக்கம் வாங்குவதென்று முடிவு செய்திருந்தோம். அப்போதுதான் ஒரு காலை, விடுதிப் படிக்கட்டில் என் முழங்கால்கள் மடிந்தன.

அவசரப் பிரிவில் ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார்கள். கால் உதறவில்லை. முதுகுத்தண்டில் ஊசியிட்டு நீர் எடுத்தார்கள். 'பாலிநியூரைட்டிஸ்' (பல நரம்புகளில் ஒரே சமயத்தில் ஏற்படும் அழற்சி; நரம்பின் மேலுறை கரைவதால் மூளையின் கட்டளை தசைக்குப் போய்ச் சேராது) என்றார்கள்.

நரம்பியல் டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று மற்ற டாக்டர்களிடம் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், நான் இங்கதான் படுத்திருக்கேன். என்கிட்டயே சொல்லுங்க," என்றேன்.

அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி. இது கால்லேர்ந்து மேல ஏறும். மூச்சுத் தசை வரைக்கும் போகலாம். ஒரு இடத்துல நின்னு, வந்த வழியே இறங்கும். பெரும்பாலானவங்க நடந்துடுவாங்க. பனியில ஆட முடியுமான்னா, எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா முடியாதுன்னு அர்த்தமில்லையே?"

"இல்ல," என்றார். சிரிக்காமல் இருக்க முயன்றார்.

ஏறியது. தொடை, இடுப்பு, கைகள். சில மணிக்கொரு தரம் ஒரு குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்த்தார்கள். செயற்கைச் சுவாச இயந்திரத்தைக் கொண்டுவந்து கட்டிலருகே நிறுத்தினார்கள். எனக்கு அதன்மேல் கோபம் வந்தது. அதைத் தொடவிடக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சிலிருந்த காற்றையெல்லாம் திரட்டி ஊதினேன். அதனால்தான் தப்பினேன் என்று சொல்லமாட்டேன். அந்த நோய் எங்கே நிற்கும் என்று நோயாளி தீர்மானிப்பதில்லை. விலா எலும்போடு நின்றது.

மருத்துவமனைச் சமையலறையில் வேலைபார்த்த இரத்தினம் அன்ரி, யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு குடுவையில் மல்லித்தண்ணி கொண்டுவருவார்.

"ஐஸில ஆடினா குளிர் கால்வழியா ஏறாம என்ன செய்யும்? அப்பவே சொன்னனான்."

"குளிர் இல்ல அன்ரி, நரம்போட உறை."

"ஓம், ஓம். வெள்ளைக்காரப் பொடியன்ர கையைப் பிடிச்சு ஆடேக்க உறை நல்லாத்தான் இருந்தது."

"அவன் ரஷ்யாக்காரன். பொண்டாட்டி இருக்காங்க."

"அவளுக்கும் பொறுமை கூடத்தான்," என்பார். சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு, எனக்கு உணர்வில்லாத பாதங்களைத் தேய்த்துவிடுவார்.

நிக்கொலாய் ஒருநாள் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு வந்தான்.

"கிளப்ல ஜோடியா ஆட வேற ஒரு பொண்ணைக் காட்டுறாங்க. நான் மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

"நீ எழுந்து வரணும்ல."

"உனக்கு வயசு என்ன ஆகுது? லெனின்கிராட்ல ஒரு தடவ நின்னுபோச்சு. ரெண்டாவது தடவ எனக்காக நின்னுச்சுன்னா, அந்தப் பாரத்தையும் சேத்து நான்தான் தூக்கணும். எனக்கு இப்ப கரண்டியே தூக்க முடியல."

அவன் தொப்பியைத் திருகுவதை நிறுத்தினான்.

"போட்டிய அவளோட ஆடு. தேர்வை என்னோட ஆடணும்."

ஐஸ் டான்ஸில் போட்டி வேறு, தேர்வு வேறு. தேர்வில் ஜோடியாக ஆடினாலும் ஒருவருக்குத்தான் மதிப்பீடு. கூட ஆடுகிறவர் துணைக்கு மட்டுமே.

"டாக்டர் இன்னும் நடக்கவே..."

"டாக்டரக் கேக்கல. உன்னக் கேக்குறேன்."

ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னான்.

"திட்டுறியா?"

"சரின்னு சொன்னேன். எங்க மொழியில அது அப்படித்தான் கேக்கும்."

அவனும் அந்தப் பெண்ணும் வெண்கலம் வாங்கினார்கள். நான் சக்கர நாற்காலியிலிருந்து கைதட்டினேன். கை வலிக்கத் தட்டினேன். வயிறு எரிந்தது. உங்களுக்கும் எரியும், அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

கை திரும்பியது, இடுப்பு திரும்பியது, கடைசியாகக் கால். இடது பாதம் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. நுனி தொங்கும், தரையில் உரசும். கண்ணை மூடினால் கால் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. அதனால் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் கண்ணாடி முன் நிறுத்தி, பாதத்தைப் பார்த்துப் பார்த்து நடக்கப் பழக்கினார். நடந்தேன். தாதிப் பயிற்சியையும் தொடர்ந்தேன்.

மறுபடி நிக்கொலாயோடு பனியில் இறங்கினேன். ஆனால் அங்கே குனிந்து பாதத்தைப் பார்த்தால் விழுவோம். விழுந்தேன். நிக்கொலாய் தூக்கிவிட்டு, "கீழ பாக்காத. கைய என் தோள்பட்டைல வை," என்றான். நடனப் பிடியில் என் உள்ளங்கை அவன் தோள்பட்டையில் இருந்தது. அவன் முழங்கால் மடங்கும்போது அந்தத் தசை இறங்குவது தெரிந்தது. அவன் கால் போகும் இடம் தெரிந்ததும் என் கால் இருக்கவேண்டிய இடமும் தெரிந்துவிட்டது. தொங்கும் கணுக்காலை இறுகக் கட்டிய பூட்ஸ் நிமிர்த்திப் பிடித்தது. தரையில் நொண்டுகிற நான் அங்கே நொண்டவில்லை.

தேர்வில் தேறவில்லை. 'இடதுகால் இசைக்குப் பின்தங்குகிறது' என்றார் நடுவர். நிக்கொலாய் என் நோயைப் பற்றி அவரிடம் சொல்லக் கிளம்பினான். சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அவங்க ஒரு நோயாளிய மதிப்பிடல. ஒரு ஆட்டக்காரிய மதிப்பிட்டிருக்காங்க. அத போய் கெடுக்காத."

நடுவர் சொன்னது சரி. என் உடம்பில் இப்போது இரண்டு நேரங்கள் ஓடுகின்றன. வலதுகால் நினைத்தவுடன் போகிறது. இடதுகாலுக்குச் செய்தி போய்ச் சேரச் சற்று நேரமாகிறது. டிராமில் ஏறும்போதும், மருந்துத் தட்டோடு திரும்பும்போதும் அதற்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். முன்பெல்லாம் நான் இசையைக் கேட்டு ஆடினேன். இனி அது வருமுன் கிளம்பவேண்டும்.

மறுதேர்வுக்குப் பதிந்துவிட்டேன். தாளம் இன்னும் விழாத இடத்தில் என் இடதுகால் புறப்பட்டிருக்கும்.