ஒண்டிக்கட்டை எண்

எந்த வண்டிக்கு நம்பர் பலகை எழுதி முடித்தாலும், பெயின்டர் கடைசி இலக்கத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்ப்பார். பிறகு அதற்கு முந்தையதை. உதடு மட்டும் அசையும். "கணக்கு ஆரம்பிச்சிட்டாரு" என்பார்கள் பட்டறையில். கணக்கு என்பது பட்டறை அவருக்கு வைத்த பெயர். அதற்கு முன் அவர் பெயர் கோணல். என்றோ எழுதிய ஒரு சாய்ந்த எட்டினால் வந்தது.

கோணலைக் கணக்காக்கியது ஒரு எண்: 73939133.

அது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. கடைசி இலக்கத்தை அழித்தால் வரும் 7393913-உம் அப்படியே. ஏழு மட்டும் மிஞ்சும்வரை இப்படி அழித்துக்கொண்டே போகலாம், ஒன்றும் உடையாது. ஆனால் பின்னால் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் உடைந்துவிடும். கணிதம் படித்த அக்கா மகள் சாப்பிடும்போது சொன்னது இது.

"அப்ப அது என்னை மாதிரி ஒண்டிக்கட்டை" என்றார் கல்யாணமாகாத பெயின்டர். அவள் சிரித்தாள்.

மறுநாள் பட்டறையில் அதைப் பலகையில் எழுதி, ஒவ்வொன்றாகத் துடைத்துக் காட்டினார்.

"கோணலு, நீயா கண்டுபிடிச்ச?" என்றான் மெக்கானிக்.

"பின்னே?" என்று வாயில் வந்துவிட்டது.

ஒரு சொல்தான். ஆனால் எல்லாரும் பார்த்த பார்வை மாறிப்போனது. சொன்னதைத் திருப்பி வாங்க மனம் வரவில்லை.

முதலாளி தன் மகளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் தேடியபோது, வேலையில்லாமல் இருந்த அக்கா மகளைப் பெயின்டர்தான் வரச் சொன்னார். அவள் வந்து நின்றதும் மெக்கானிக், "மாமன் கண்டுபிடிச்ச நம்பர் தெரியுமாம்மா? கணக்கு, காட்டுங்க" என்றான்.

அவள் மாமாவைப் பார்த்தாள். அவர் பலகையைப் பார்த்தார். பதற்றத்தை மறைக்க, "எந்தப் பக்கம் துடைச்சாலும் ஒண்டிக்கட்டைதான்" என்று இடப்பக்கத்திலிருந்து துடைத்துக்கொண்டே போனார். 33 வந்து நின்றது.

"மூணு பதினொண்ணு முப்பத்துமூணு" என்றான் மெக்கானிக். "யோவ், இது குடும்பஸ்தன்யா."

சிரிப்பு அடங்குவதற்குள் அவள் பேசினாள். "மாமா வலப்பக்கம்னுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாரு. அவசரத்துல கை மாறிப்போச்சு."

"மாமன் சொல்லித்தான் உனக்கே தெரியுமா? அப்ப காலேஜ்ல என்னதான் படிச்ச?" என்றார் முதலாளி. விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது, "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டார்.

"நாளைக்கும் நீங்க அங்கதானே மாமா வேலை செய்யணும்."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

"அது அவ சொன்னது." பட்டறையில் அவர் சொல்லவேண்டியது இவ்வளவுதான். அவ்வளவு கனமான வார்த்தைகளா அவை? ஒவ்வொரு பலகை முடிந்ததும் இலக்கங்களை மறைத்துக்கொண்டு, அதைத்தான் உதட்டில் சொல்லிப் பழகினார். மற்றவர்கள் கணக்குப் போடுகிறார் என்று நினைத்தார்கள். ஓய்வுபெற்ற நாளில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். "எல்லாருக்கும் நன்றி" என்று உட்கார்ந்துவிட்டார்.

அவர் போய்ச் சேர்ந்தபிறகும் பட்டறை வாசலில் அந்த எண் எழுதிய பலகை ஒன்று தொங்குகிறது. எண்ணுக்குக் கீழே, முதலாளி சொல்லி அவர் கையாலேயே எழுதியது: கண்டுபிடித்தவர் பெயின்டர். ஒரு எழுத்துகூடக் கோணலில்லை.